உடைத்துப் பார்க்க ஓர் இடம்

பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறவர்களின் காது ஒரு தனி விதமாகப் பழகிப்போகும். மெட்டு மேலே சோப்ரானோவிடம் இருக்கும். அடித்தளம் கீழே பேஸிடம் இருக்கும். நடுவில் நிற்கிற நாங்கள் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டே எங்கள் சுரத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு பாட்டு எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பது எங்களுக்கு முதலில் தெரிந்துவிடும். அந்தக் காதைக்கொண்டு, சபைக்கு முன்னால் நேரடியாகப் பாடிப் பதிவான ஒரு பெரிய இசைப்படைப்பை மதிப்பிடக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். படைப்பு, பாக் எழுதிய ‘மத்தேயு பாடுகள்’. கற்ற இடம் பெருந்துறை. கற்றுத்தந்தவர், மஞ்சள் மண்டியில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஒரு கொயர் மாஸ்டர். நாங்கள் எல்லோரும் அவரை ஐயா என்றே கூப்பிடுவோம்.

ஈரோடு, சென்னிமலை, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பாடகர் குழுக்களைச் சேர்ந்த நண்பர்கள் சிலர் லெந்து காலத்துக்கு முன்பு கூடுவோம். அந்த வருடம் சேர்ந்து கேட்க ஒரு பதிவைத் தேர்ந்தெடுப்போம். அதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று ஒருவர் ஒரு பக்கம் எழுதித்தர வேண்டும். நெடுங்காலமாக அதை எழுதிவந்தவர் ஐயா. அவருக்குக் கண் மங்கத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார். “இனி நீ எழுது அம்மிணி. எழுதறதுக்கு முன்னால கேக்கப் பழகிக்கலாம்” என்றார்.

மத்தேயு பாடுகளை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1727 ஏப்ரல் 11, பெரிய வெள்ளி அன்று, ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துத் தாமஸ் தேவாலயத்தில் அது முதலில் பாடப்பட்டதாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மத்தேயு சுவிசேஷத்தின் 26, 27 ஆம் அதிகாரங்கள் முழுதும் அதில் வருகின்றன. டெனர் குரலில் சுவிசேஷகர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். இயேசுவும் பேதுருவும் பிலாத்துவும் தங்கள் வார்த்தைகளைத் தாங்களே பாடுவார்கள். இரண்டு பாடகர் குழுக்களும் இரண்டு வாத்தியக் குழுக்களும் எதிரெதிரே நிற்கும். கதையை நிறுத்தி மனம் தோய்கிற தனிப்பாடல்கள் வரும். இவற்றுக்கு இடையில், சபையார் எல்லோருக்கும் தெரிந்த ஞானப்பாட்டுகள் நான்கு குரலில் வரும். அவற்றுக்குக் கோரல் என்று பெயர். எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்கு முன்பின்னாக ஓடும். 1736-இல் பாக் இதைச் சுத்தமாகப் படியெடுத்தபோது வேத வார்த்தைகளைச் சிவப்பு மையில் எழுதினார்.

ஐயா எனக்கு மூன்று பதிவுகளைத் தந்தார். மூன்றும் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டபோது எடுத்தவை. முதலாவது, 1939 ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு அன்று ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபௌ அரங்கத்தில் வில்லம் மெங்கல்பெர்க் நடத்தியது. இரண்டாவது, நெதர்லாந்து பாக் சங்கம் யோஸ் வான் ஃபெல்ட்ஹோவன் தலைமையில் நார்டன் ஊரின் பெரிய தேவாலயத்தில் 2014-இல் பாடியது. அது காணொளியாக எவரும் இலவசமாகக் கேட்கக் கிடைக்கிறது. மூன்றாவது, 2016-இல் இத்தாலியின் பீசா பேராலயத்தில் ஜான் எலியட் கார்டினர் தம் மான்டெவெர்டி குழுவோடு செய்தது.

முதல் பாடம் தாளும் பேனாவும். பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடச் சொன்னார். முதல் பத்தியில் நேரம். இரண்டாவதில் பாட்டின் எண். மூன்றாவதில் காதில் விழுந்தது. ‘அருமை’, ‘உருக்கம்’, ‘சுமார்’ போன்ற சொற்களுக்கு மூன்றாம் பத்தியில் இடமில்லை. ‘இரண்டாம் குழு முதல் குழுவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறது’, ‘ஓபோ மூச்செடுப்பது கேட்கிறது’, ‘வரியின் கடைசி எழுத்தை டெனர்கள் சற்று முன்னாலேயே மூடிவிட்டார்கள்’ என்பது மாதிரியான வாக்கியங்கள் வேண்டும்.

“நல்லாருக்குன்னு எழுதுனா அது ஒன்ற மனசப் பத்துன சேதி. பதிவப் பத்துன சேதி என்னன்னு எழுது” என்பார்.

இந்தப் பழக்கம் என்ன செய்கிறது என்பது சில வாரங்களில் புரிந்தது. தீர்ப்பைத் தள்ளிவைக்கும்போது காது விழித்துக்கொள்கிறது. பிடித்துப்போனால் அதற்குமேல் கேட்பதில்லை, பிடிக்காமல் போனாலும் அதற்குமேல் கேட்பதில்லை. இரண்டையும் ஒத்திவைத்தால் பதிவு முழுவதும் காதில் இறங்குகிறது. முதல் முறை ஸ்கோரைப் பார்க்காமல் கேட்கச் சொல்வார். இரண்டாம் முறை ஸ்கோரோடு. மூன்றாம் முறை தமிழ் வேதாகமத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு. ஜெர்மன் தெரியாத எனக்கு அந்த மூன்றாம் முறைதான் கதவைத் திறந்தது. பேதுரு மனங்கசந்து அழுகிற இடத்தில், அதுவரை பேசுவது போலப் பாடிவந்த சுவிசேஷகரின் குரல் ஒரே சொல்லை இழுத்து வளைத்துக்கொண்டு போகிறது. வசனத்தில் விரல் வைத்துக் கேட்கும்போது, கதை சொல்கிறவரே அந்த இடத்தில் கதைக்குள் விழுந்துவிடுவது தெரிகிறது. அங்கே பாடகர் விழுந்தாரா, விழுவது போலக் குரலை அலங்கரித்தாரா என்று கேட்க வேண்டும். அந்த வேறுபாடு காதுக்குத் தெரியும்.

இரண்டாம் பாடம் கட்டடம். நேரடிப் பதிவில் கட்டடமும் ஒரு குரல் என்பார் ஐயா. பெரிய கூட்டிசை ஒன்று சட்டென்று நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, ஓசை அடங்குவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கேட்க வேண்டும். பிலாத்து “எவனை விடுதலையாக்க வேண்டும்?” என்று கேட்டதும் கூட்டம் ஒரே சுரக்கூட்டில் “பரபாஸ்” என்று கத்துகிற இடம் அதற்கு ஏற்றது. பீசா பேராலயம் கல்லும் உயரமும். கத்தல் ஓய்ந்த பிறகும் கட்டடம் அதை விடுவதில்லை. நார்டன் தேவாலயத்துக்கு மேலே சித்திரம் தீட்டிய மரக்கூரை. அங்கே ஓசை நிறைந்து, சீக்கிரம் அடங்குகிறது, சொற்கள் தெளிவாக விழுகின்றன. ஆம்ஸ்டர்டாம் அரங்கம் கச்சேரிக்கென்றே கட்டியது. அதன் ஓசை வளம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் 1939-ஆம் வருடத்து ஒலிவாங்கி அதில் ஒரு பங்கைத்தான் நமக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

இவற்றில் எதையும் குறையாகவோ நிறைவாகவோ எழுதக்கூடாது. நீள எதிரொலிக்கும் இடத்தில் நடத்துநர் என்ன செய்தார் என்பதே கேள்வி. அவசரமான கூட்டிசையில் மெய்யெழுத்துகளை முன்தள்ளி உச்சரிக்கச் சொன்னாரா? ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே கட்டடம் பேசி முடிக்க இடம் கொடுத்தாரா? பீசாவில் குழுவினர் ஏட்டைப் பார்க்காமல் மனப்பாடமாகப் பாடினார்கள். தாளில் முகம் புதைக்காதபோது குரல் நேராக வெளியே போகிறது. அத்தனை எதிரொலியிலும் அவர்களின் சொல் கரையாமல் நிற்பதற்கு அது ஒரு காரணம் என்று என் தாளில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் பாடம் காலம். 1939-ஐ 2014-இன் அளவுகோலால் அளக்கக்கூடாது. மெங்கல்பெர்க் முன்னால் நின்றது பெரிய கூட்டுக்குழு. வாத்தியங்கள் நம் காலத்தவை. சுருதியும் ஏறக்குறைய இன்றையதே. நார்டனிலும் பீசாவிலும் பாக் காலத்து முறையில் குடல் நரம்பு கட்டிய வயலின்களும் பழைய ஓபோக்களும். சுருதி ‘ஏ’ சுரத்துக்கு 415, இன்றைய 440-க்கு ஏறக்குறைய அரைச்சுரம் கீழே. எங்கள் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸை மைனஸ் ஒன்றில் வைத்தால்தான் அந்தப் பதிவுகளோடு சேர்ந்து வாசிக்க முடியும். குழுவின் அளவு பற்றியும் பெரிய விவாதம் உண்டு. ஒரு குரலுக்கு ஒரே பாடகர் போதும், பாக் பெரும்பாலும் அப்படித்தான் பாடவைத்தார் என்று ஜோஷுவா ரிஃப்கின் 1981-இல் வாதிட்டார். அதற்குப் பிறகு பலர் சிறு குழுவை நோக்கி நகர்ந்தார்கள், பலர் மறுத்தார்கள். எந்தப் பக்கம் சேர்வது என்பதைவிட, இந்தப் பதிவு எந்த முறையை ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஏற்றதை முழுதாகச் செய்திருக்கிறதா என்று முதலில் கேட்கவேண்டும் என்பது ஐயாவின் கட்டளை.

மெங்கல்பெர்க்கின் பதிவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம்தான் அடங்கும். அதனால் ஸ்டூடியோவில் துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்திப் பாடவேண்டியிருந்தது. அந்தக் குருத்தோலை ஞாயிறு நிகழ்ச்சியோ ஃபிலிப்ஸ்-மில்லர் முறையில் பதிவானது. ஓசையை ஒரு படச்சுருளில் செதுக்கி, ஒளியைப் பாய்ச்சிப் படிக்கிற முறை அது. நீண்ட நேரம் விடாமல் ஓடும். மெங்கல்பெர்க் 1899 முதல் ஒவ்வொரு குருத்தோலை ஞாயிறும் நடத்திவந்த ஒரு வழக்கத்தின் மூச்சு நமக்கு அறுபடாமல் கிடைத்தது அதனால்தான். இரண்டாம் பகுதியில் பல பாட்டுகளை அவர் வெட்டியிருக்கிறார். அதையும் தாளில் குறிக்க வேண்டும். சுவிசேஷகராகப் பாடிய கார்ல் எர்ப் அப்போது அறுபது வயதைக் கடந்தவர். குரலில் வயது தெரிகிறது. சொல்லில் வயது தெரியவில்லை.

அந்த நடத்துநரைப் பற்றி வேறொன்றையும் நான் படித்தேன். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் தொடர்ந்து மேடையேறினார். போருக்குப் பின் நெதர்லாந்தில் இசை நடத்தக்கூடாது என்று அவருக்குத் தடை விதித்தார்கள். தடைக்காலம் முடியும் முன்பே 1951-இல் இறந்துபோனார். “இதை எழுதலாமுங்களா ஐயா?” என்று கேட்டேன். “எழுது. தனித்தாள்ல எழுது. மறைக்கவும் வேண்டா, பாட்டோட கலக்கவும் வேண்டா. ரெண்டு தாளையும் சேத்தே குடு. படிக்கறவங்க ரெண்டையும் தெரிஞ்சு கேக்கட்டும்” என்றார். அந்த நேர்மை எனக்கு இன்றுவரை அளவுகோல்.

இனி இந்தக் கலையின் மையத்துக்கு வருகிறேன். மூன்று மணி நேர இசையை எங்கே பிடித்து மதிப்பிடுவது? சிறந்த தனிப்பாடகர் ஒருவர் இருந்தால் தனிப்பாடல்கள் எழுந்து நிற்கும். வேகமும் பலமும் இருந்தால் பெரிய கூட்டிசைகள் கேட்பவரை அடித்துக்கொண்டு போகும். இரண்டிலும் பதிவின் உள் நிலைமை மறைந்துகொள்ள இடமுண்டு. ஐயா தம் தொழிலிலிருந்து விடை சொன்னார். பெருந்துறை ஏலத்தில் விரலி மஞ்சளை எடுத்து, மேல் மினுக்கை நம்பாமல் ஒடித்து உள் நிறத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். “பாக்கோட பதிவுல ஒடிச்சுப் பாக்கற எடம் கோரல். எல்லார்த்துக்கும் தெரிஞ்ச மெட்டு. ஒளியறதுக்கு அங்க எடமில்ல” என்றார்.

கோரலைப் பற்றிப் பேச நம் ஊர் கிறிஸ்தவர்களுக்குத் தனி உரிமை உண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மத்தேயு பாடுகளில் ஒரே மெட்டு ஐந்து இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-இல் ஒரு காதல் பாட்டுக்கு இட்ட மெட்டு அது. பின்னர் பவுல் கெர்ஹார்ட்டின் சிலுவைப்பாட்டுக்கு உரியதாகிவிட்டது. அதே பாட்டைத் தமிழில் நாம் பாமாலை என்ற பாட்டுநூலில் வைத்திருக்கிறோம். பெரிய வெள்ளி ஆராதனையில் அதே மெட்டில் பாடுகிறோம். 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய பிறகு ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழுக்கு வரத்தொடங்கின. 1740-இல் வந்த ஃபப்ரீஷியஸ் பின்னர் சென்னை வேப்பேரியில் தங்கி, பல பாட்டுகளைத் தமிழாக்கினார். பாக் இறந்தது 1750-இல். அவர் லைப்சிக்கில் கோரல்களுக்கு நான்கு குரல் அமைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே ஞானப்பாட்டு மரபு சோழமண்டலக் கரையில் தமிழில் ஒலித்துக்கொண்டிருந்தது. லைப்சிக் சபையார் அந்த மெட்டைக் கேட்டதும் எப்படித் தங்கள் பாட்டு என்று நிமிர்ந்திருப்பார்களோ, அப்படி நிமிர நம்மாலும் முடியும். இத்தாலிய பாணித் தனிப்பாடலை மதிப்பிட நான் பிறரிடம் கற்கவேண்டும். கோரலை மதிப்பிட என் அப்பத்தாவின் பெரிய வெள்ளியே எனக்கு அடிப்படை.

ஐந்து இடங்களையும் எண்ணிட்டுப் படித்தோம். 15, 17, 44, 54, 62. ஐயாவிடம் இருந்தது டோனிக் சோல்ஃபாவில் அவரே எழுதிவைத்த படி. நம் பக்கத்துக் குழுக்களில் பலரும் அந்த எழுத்து முறையில்தான் நான்கு குரலைக் கற்றோம். சோல்ஃபாவில் 15-ஐயும் 17-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மேலே எழுதிய ‘டோ’ மட்டும் வேறு. முதலாவது ஈ மேஜர், அடுத்தது ஈ ஃப்ளாட் மேஜர், அரைச்சுரம் கீழே. நடுவில் நடப்பது என்ன? எல்லோரும் இடறினாலும் நான் இடறமாட்டேன் என்கிறார் பேதுரு. சேவல் கூவுமுன் மும்முறை மறுதலிப்பாய் என்கிறார் ஆண்டவர். மரித்தாலும் மறுதலியேன் என்கிறார் பேதுரு. அதன் பிறகு சபை அதே பாட்டை அரைப்படி இறங்கிப் பாடுகிறது. அருகிலேயே நிற்பேன் என்று பேதுரு சொன்னதைச் சபை தன் வாயாலும் சொல்கிறது.

“எழுத்து ஒண்ணுதான் கண்ணு. பாடறவன் மாறியிருக்கோணும்” என்றார் ஐயா. பதிவில் நான் கேட்கவேண்டியது அதைத்தான். 17-ஆம் எண்ணை 15-இன் நகலாகப் பாடினார்களா, நடுவில் நடந்ததைக் கேட்டுவிட்டுப் பாடினார்களா? மெதுவாகப் பாடுவதோ சத்தத்தைக் குறைப்பதோ மட்டும் விடையாகாது. முதல் சொல்லை எடுக்கிற விதத்தில், மூச்சின் ஆழத்தில், பேஸ் நடக்கிற நடையில் அந்த மாற்றம் இருக்கும்.

44-ஆவது டீ மேஜரில் வருகிறது. பிலாத்து கேட்டும் ஆண்டவர் ஒரு வார்த்தையும் பேசாத இடம். அந்த மௌனத்துக்குச் சபை தரும் பதில் என்பதால், இங்கே பாட்டு உறுதியாக நடக்கவேண்டும். 54-ஆவது, முள்முடி சூட்டிக் கோலால் தலையில் அடித்த பிறகு, இரண்டு சரணங்கள். அதன் உயரம் எங்கள் ஆல்ட்டோக்களுக்கே தொண்டையைச் சோதிக்கும். 62-ஆவது எல்லாவற்றிலும் கடினம். ஆண்டவர் மறுபடியும் மகா சத்தமாய்க் கூப்பிட்டு ஆவியை விட்டார் என்று சுவிசேஷகர் சொல்லி முடித்ததும் வருவது. மெட்டு அதேதான். அடியில் உள்ள குரல்களை பாக் முற்றிலும் மாற்றிவிட்டார். மனம் மிகவும் கலங்குகிற வேளையைச் சொல்கிற வரிகளில் நடுக்குரல்கள் அரையரைச் சுரமாக நகர்ந்து, காலுக்கடியில் தரை நகர்வது போல ஆக்குகின்றன. முடிகிற சுரக்கூட்டும் வீடு வந்து சேர்ந்த நிறைவைத் தராமல் திறந்தே நிற்கிறது.

இங்கேதான் ஆல்ட்டோவின் காது உதவியது. 62-ஐக் கேட்கும்போது மெட்டைக் காதிலிருந்து ஒதுக்கிவைத்துவிட்டு, ஆல்ட்டோவை மட்டும் தொடரச் சொன்னார். அடுத்த முறை டெனர். அடுத்த முறை பேஸ். ஒவ்வொரு குரலும் தன் பாதையை நம்பி நடக்கிறதா, சோப்ரானோவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு ஃபெர்மாட்டா. வரியின் கடைசியில் பாக் இடுகிற அந்த நிறுத்தக்குறிக்கு உண்மையான நிறுத்தம் என்றும், வரி முடிந்தது என்பதற்கான அடையாளம் மட்டுமே என்றும் இரண்டு கட்சி உண்டு. மெங்கல்பெர்க் அங்கே நின்றுவிடுகிறார். ஒவ்வொரு வரி முடிவும் தேய்ந்து இறங்குகிறது. நார்டனும் பீசாவும் மூச்செடுத்துக்கொண்டு நடந்துவிடுகின்றன. எது சரி என்று எழுதுவதற்குமுன், எல்லோரும் சேர்ந்து மூச்செடுத்தார்களா என்று கேள் என்பார் ஐயா. நிற்பதானாலும் நடப்பதானாலும் குழு ஒரே உடம்பாக மூச்செடுத்தால் வரி உயிரோடு இருக்கும்.

62-க்கு முந்தைய அமைதியும் பதிவின் பகுதிதான். ஸ்டூடியோப் பதிவில் அந்த இடைவெளியை வெட்டி ஒட்டிச் சரிசெய்யலாம். நேரடிப் பதிவில் அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு நாற்காலி அசைகிறது. எங்கோ யாரோ இருமலை அடக்குகிறார்கள். சுவிசேஷகரின் கடைசி எழுத்து கட்டடத்தில் அடங்கும்வரை நடத்துநர் பொறுத்தாரா? பொறுத்தார் என்றால், அந்தப் பொறுமையைச் சபை அவருக்குக் கொடுத்தது. இதை நான் தாளில் ஒரு வரியாக எழுதியபோது ஐயா பென்சிலால் அடிக்கோடிட்டார்.

குறைகளைப் பிரிக்கவும் ஒரு முறை கற்றேன். நேரடிப் பதிவில் குறை இருக்கும். ஐயா அவற்றை மூன்றாக வகுப்பார். உடம்பின் குறை, தயாரிப்பின் குறை, புரிதலின் குறை. ஓபோவின் நாணல் ஒரு நொடி கீச்சிடுவதும், மூன்று மணி நேரம் பாடியவரின் குரல் கடைசியில் கரகரப்பதும் உடம்பின் குறை. அதை எழுதலாம், அதற்காக மதிப்பைக் குறைக்கக்கூடாது. இரண்டு குழுவும் ஒன்றாக நுழையவேண்டிய இடத்தில் ஒன்று பிந்துவது தயாரிப்பின் குறை. ஒருமுறை என்றால் மன்னிக்கலாம், ஒரே வகை இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் எழுதியே ஆகவேண்டும். “மெய்யாகவே இவர் தேவனுடைய குமாரன்” என்று நூற்றுக்கு அதிபதியும் காவலரும் சொல்கிற இடம் சில அடிகளுக்குமேல் நீளாது. முழுப் படைப்பும் அங்கே ஒரு கணம் எழுந்து நிற்கிறது. அதை அடுத்த பாட்டுக்கு வழி என்று கடந்துபோனால் அது புரிதலின் குறை. சுத்தமான சுரம் அந்தக் குறையை ஈடுகட்டாது.

‘நேரடி’ என்று உறையில் அச்சிட்டிருப்பதையும் விசாரிக்க வேண்டும். பல பதிவுகள் ஒன்றுக்கு மேற்பட்ட நாள் நிகழ்ச்சிகளிலிருந்தும், முந்தைய ஒத்திகையிலிருந்தும் எடுத்துக் கோத்தவை. கார்டினர் 2000-ஆம் வருடம் முழுவதும் ஊர் ஊராகப் போய் பாக்கின் திருவழிபாட்டுப் பாடல்களை அந்தந்த ஞாயிற்றுக்கு உரியபடி பாடிப் பதிவுசெய்தார். அவற்றில் கடைசி ஒத்திகையின் ஒலியும் கலந்திருக்கிறது. அது ஏமாற்று வேலையாகாது. ஆனால் கேட்கிறவர் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். கட்டடத்தின் ஓசை நடுவில் மாறினால், இருமல் சட்டென்று அறுந்தால், அங்கே ஒரு ஒட்டு இருக்கக்கூடும். சபை நிறைந்த தேவாலயமும் காலியான தேவாலயமும் ஒரே மாதிரி எதிரொலிப்பதில்லை. உடம்பும் துணியும் ஓசையை உறிஞ்சிக்கொள்ளும்.

இத்தனையும் கற்றபின் ஐயா வைத்த தேர்வு லைப்சிக்கைப் பற்றியோ பீசாவைப் பற்றியோ இருக்கவில்லை. எங்கள் குழு பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் அதே சிலுவைப்பாட்டைத் தமிழில், வாத்தியமில்லாமல், நான்கு குரலில் பாடியிருந்தது. இரண்டு ஒலிப்பதிவுகள் இருந்தன. ஒன்று வியாழன் இரவு ஒத்திகையில் எடுத்தது. மற்றது ஆராதனையில் எடுத்தது. குழுவினர் தங்களிடம் வைத்துக்கொள்ளவும் அடுத்த வருடம் புதியவர்களுக்குப் போட்டுக்காட்டவும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். “மூணு பத்தி போடு அம்மிணி” என்றார்.

ஒத்திகைப் பதிவில் சுருதி கடைசிவரை நின்றது. சொற்கள் தெளிவு. ஆராதனைப் பதிவில் மின்விசிறி ஓடுகிறது, ஒரு குழந்தை அழுகிறது, கடைசிச் சரணத்துக்கு வருவதற்குள் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் இறங்கிவிட்டது. கீபோர்டில் வைத்துச் சரிபார்த்தேன். குழந்தையையும் மின்விசிறியையும் ஒதுக்கிவிட்டேன், அவை கட்டடத்தின் சேதி. சுருதி இறங்கியது எந்த வகை? நான்கு குரலையும் தனித்தனியாகத் தொடர்ந்து கேட்டதில், பேஸ் ஒவ்வொரு முறையும் மேலேறும் அடியில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்திருக்கிறது என்று கண்டேன். ஒரே வகை இடம், திரும்பத் திரும்ப. ஆகவே தயாரிப்பின் குறை.

பிறகு மூச்சைக் கேட்டேன். ஒத்திகையில் சோப்ரானோ ஓரிடத்தில் மூச்செடுக்கிறார்கள், டெனர் இன்னோரிடத்தில். நான்கு பாட்டு ஒரே நேரத்தில் சரியாக ஓடுகிறது. ஆராதனையில் இரண்டாம் சரணத்திலிருந்து எல்லோரும் வரிமுடிவில் ஒன்றாக மூச்செடுக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று தேடினேன். அந்தச் சரணத்தில் சபையார் தாமாகவே மெட்டைத் தாழ்குரலில் சேர்ந்து பாடத் தொடங்கியிருக்கிறார்கள். குழு அவர்களின் மூச்சுக்குக் காது கொடுத்திருக்கிறது. மூன்றாம் சரணத்தில் ஆல்ட்டோவும் டெனரும் ஒருவரையொருவர் கேட்டு நகர்வது தெரிந்தது.

என் தீர்ப்பை இப்படி எழுதினேன்: ‘ஆராதனைப் பதிவை வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் சரணத்திலிருந்து குழு ஒரே மூச்சில் பாடுகிறது, அது ஒத்திகைப் பதிவில் இல்லை. பேஸ் மேலேறும் அடிகளில் சுருதி தாழ்கிறது, அதைத் தனியாகப் பயிற்சி செய்யவேண்டும், அதற்கு ஒத்திகைப் பதிவை உடன் வைத்துக்கேட்கலாம்.’ ஐயா இரண்டு பதிவையும் என் தாளோடு வைத்து முழுதாகக் கேட்டார். நேரம் எழுதிய இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சரிபார்த்தார். ‘சபையார் சேர்ந்து பாடுகிறார்கள்’ என்ற இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். “இத நானு கேக்கல கண்ணு. இப்பக் கேக்குது” என்றார்.

ஒரு மதிப்பீடு செய்யவேண்டிய வேலை இதுதான் என்று நம்புகிறேன். படிக்கிறவர் அதே பதிவை மீண்டும் போட்டு, முன்பு கேட்காத ஒன்றைக் கேட்கவேண்டும். பாடியவர் அதைப் படித்து, அடுத்த முறை எதைச் சரிசெய்வது, எதை விடக்கூடாது என்று அறியவேண்டும். பெரிய பெயர்களின் பதிவுக்கும் எங்கள் குழுவின் பதிவுக்கும் இந்த அளவில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் மனிதர்கள் ஒரு நாள் ஒரு கட்டடத்தில் நின்று, தெரிந்த மெட்டைத் தெரிந்தவர்களுக்கு முன்னால் பாடியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் தரக்கூடிய மரியாதை, முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசுவது.

இந்த லெந்து காலத்துக்கு நார்டன் பதிவைப் பரிந்துரைத்து எழுதியிருக்கிறேன். சொற்கள் தெளிவாக விழுவதால் தமிழ் வேதாகமத்தை விரித்துவைத்துத் தொடர்வது எளிது. 15-ஐயும் 17-ஐயும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். மெங்கல்பெர்க்கின் 62-ஐ அதன் தனித்தாளோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். எங்கள் பேஸ் பாடகர்கள் மேலேறும் அடிகளை வைத்துப் பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள்.